கிட்டத்தட்ட ஒரு கருந்துளை

அப்பாவுக்கு இடது கால் மரத்துப்போகத் தொடங்கிய வருடத்தில்தான், இல்லாத ஒரு கருந்துளையை நான் கண்டுபிடித்தேன். இரண்டும் ஒரே சமயத்தில் நடந்ததால், ஒன்றை நினைத்தால் மற்றதும் சேர்ந்தே ஞாபகத்துக்கு வருகிறது.

நான் பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை செய்கிறேன். நம் பால்வீதியின் நடுப்பகுதியில் இருக்கும் வாயு மேகங்களை ரேடியோ அலைகளில் பார்ப்பது என் வேலை. அந்தப் பக்கம் தூசு அதிகம். சாதாரண ஒளி நம்மிடம் வந்து சேராது. ஆனால் அந்த மேகங்களில் கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுகள் இருக்கின்றன. அவற்றிலிருந்து சில மில்லிமீட்டர் நீளமுள்ள ரேடியோ அலை கிளம்பும். அது தூசைத் தாண்டி வந்துவிடும். வாயு நம்மை நோக்கி வந்தால் அந்த அலை கொஞ்சம் சுருங்கும். விலகிப் போனால் கொஞ்சம் நீளும். அந்தச் சின்ன வித்தியாசத்தை அளந்து, எந்த இடத்து வாயு என்ன வேகத்தில் போகிறது என்று சொல்லிவிடலாம்.

கருந்துளைகளில் பெரும்பாலானவை சத்தமில்லாதவை. எதையாவது விழுங்கும்போதுதான் சுற்றியுள்ள பொருள் சூடாகி எக்ஸ் கதிர் வரும். விழுங்க ஒன்றும் கிடைக்காவிட்டால் இருட்டோடு இருட்டாகக் கிடக்கும். ஆனால் ஈர்ப்பு எங்கேயும் போய்விடாது. பக்கத்தில் வாயு இருந்தால் அது இழுபட்டு வேகமெடுக்கும். ஆகவே காரணமே தெரியாமல் ஒரு சின்ன மேகத்துக்குள் வாயு தாறுமாறான வேகத்தில் ஓடினால், அங்கே கண்ணுக்குத் தெரியாத கனம் ஏதோ இருக்கிறது என்று சந்தேகப்படலாம். அப்படிச் சந்தேகப்பட ஐந்து மேகங்கள் என்னிடம் இருந்தன. அதில் இரண்டாவது மேகத்தின் மேல்தான் எனக்குக் கண்.

அந்த மேகத்தில் வாயு இரண்டு வேகங்களில் இருந்தது. ஒரு பகுதிக்கும் இன்னொரு பகுதிக்கும் நொடிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வித்தியாசம். அவற்றுக்கு நடுவே மங்கலாக, இடைப்பட்ட வேகங்களில் கொஞ்சம் வாயு. அதை நாங்கள் பாலம் என்று சொல்வோம். பாலம் இருந்தால் இரண்டும் ஒரே மேகம், ஏதோ ஒன்று அதைப் பிடித்து இழுக்கிறது என்று பொருள். அந்த இடத்தில் நட்சத்திரக் கூட்டம் இல்லை, வெடித்த நட்சத்திரத்தின் மிச்சம் இல்லை, எக்ஸ் கதிரும் இல்லை. இன்னும் கூர்மையாகப் பார்க்க, பல ஆன்டெனாத் தட்டுகளை இணைத்த ஒரு பெரிய தொலைநோக்கியில் நேரம் கேட்டு விண்ணப்பித்தோம். கிடைத்தது. எங்கள் முறை வரக் காத்திருந்தோம்.

அப்போதுதான் அம்மா போன் செய்தாள். அப்பாவால் பேருந்து நிறுத்தம் வரைகூட நடக்க முடியவில்லை என்றாள். எங்கள் வீடு தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகும் சாலையில் இருக்கிறது. நிறுத்தம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். அப்பா முப்பது வருடம் தனியார் பேருந்து ஓட்டியவர். நான் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தேன். குழுத் தலைவர் சில மாதம் வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லிவிட்டார்.

தருமபுரியில் ஒரு ஸ்கேன் சென்டரில் அப்பாவின் காலில் ரத்த ஓட்டத்தைப் பார்க்க டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள். நான் பக்கத்தில் நின்று திரையைப் பார்த்தேன். ரத்தம் கருவியை நோக்கி வந்தால் சிவப்பு, விலகிப் போனால் நீலம் என்று ஸ்கேன் எடுத்த பெண் சொன்னார். எங்கள் படங்களில் நேர் எதிர். விலகிப் போவதுதான் சிவப்பு. தொடைக்குக் கீழே ஓரிடத்தில் நிறம் திடீரென்று குழம்பியது. ரத்தம் அங்கே குறுகிய வழியில் பாய்ந்துகொண்டிருந்தது.

"அடைப்பு இருக்குதுங்க. எவ்ளோன்னு டாக்டர் சொல்லுவாரு" என்றார் அந்தப் பெண்.

"நீ பண்றதும் இதேதானா?" என்று அப்பா படுத்தபடியே கேட்டார்.

"கிட்டத்தட்ட இதேதான். நான் பாக்குற ஆளு கொஞ்சம் தூரத்துல இருக்காரு."

அந்தப் பெண் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. சேலத்துக்குப் போய் ரத்தக் குழாயில் பலூன் வைத்து விரிக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். அடுத்த வாரமே செய்தார்கள். நன்றாக முடிந்தது. தினமும் இவ்வளவு தூரம் நடக்க வேண்டும், பீடியைத் தொடக் கூடாது என்றார்கள். நடந்தார். பீடி விஷயத்தில் என்ன செய்தார் என்று எங்களுக்குச் சரியாகத் தெரியாது.

அவர் தேறி வந்த நாட்களில், நான் படித்த பள்ளியிலிருந்து தலைமையாசிரியர் கூப்பிட்டார். அறிவியல் நாளுக்கு வந்து பிள்ளைகளிடம் பேசச் சொன்னார். போனேன். மேகம், மூலக்கூறு, ரேடியோ அலை, என் பட்டியலில் இருக்கும் ஐந்து மேகங்கள் எல்லாம் சொன்னேன். இரண்டாவது மேகத்தின் படத்தைத் திரையில் போட்டு, இங்கே ஒரு கருந்துளை இருக்கலாம் என்றேன். இருக்கலாம் என்ற வார்த்தையை வேண்டுமென்றே பல தடவை சொன்னேன்.

நிகழ்ச்சி முடிந்து சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளூர்ப் பத்திரிகைக்குச் செய்தி அனுப்பும் ஒருவர் குறிப்பேட்டோடு என்னிடம் வந்தார்.

"மேடம், ஒரே ஒரு டவுட்டுங்க. இருக்கலாம்ங்கிறீங்க. அப்ப கண்டுபுடிச்சாச்சா, இல்லீங்களா?"

என்னோடு வந்திருந்த அப்பா சற்றுத் தள்ளி ஒரு நாற்காலியில், காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பலூன் சிகிச்சைக்குப் பிறகு அவர் நாலு பேர் கூடும் இடத்துக்கு வந்த முதல் நாள் அது.

"கிட்டத்தட்ட" என்றேன்.

அந்த ஒரு சொல்லை நான் யாருடைய தலையிலும் போட முடியாது. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. சொல்லும்போது எனக்கு இன்பமாகக்கூட இருந்தது.

இரண்டு நாள் கழித்துச் செய்தி வந்தது. கருந்துளையைக் கண்டுபிடித்த தருமபுரிப் பெண் என்று தலைப்பு. கிட்டத்தட்ட என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை. அப்பா காலையிலேயே கடைக்கு நடந்து போய் ஆறு பிரதி வாங்கிவந்தார். பீரோவிலிருந்து ஒரு பழைய பிளாஸ்டிக் உறையை எடுத்தார். அதற்குள் அவரைப் பற்றிய செய்தி இருந்தது. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது வந்தது. தொப்பூர் கணவாயில் இறங்கும்போது பிரேக் பிடிக்காமல் போன பேருந்தைச் சாமர்த்தியமாக மண்மேட்டில் திருப்பி நிறுத்தி, பயணிகளைக் காப்பாற்றிய ஓட்டுநர் என்று போட்டிருக்கும். வீட்டுக்கு வரும் எல்லோரும் அதைப் பார்த்திருக்கிறார்கள். என் செய்தியை அதே உறைக்குள், அவருடைய செய்திக்குப் பின்புறமாக வைத்தார்.

டீக்கடை, முடி திருத்தும் கடை, பழைய பேருந்துக்காரர்கள் கூடும் இடம் என எல்லா இடத்துக்கும் செய்தி போய்விட்டது. சொந்தக்காரர் ஒருவர் கடத்தூரிலிருந்து சால்வையோடு வந்து போர்த்தினார். நான் போர்த்திக்கொண்டு புகைப்படத்துக்கு நின்றேன்.

மூன்று வாரம் கழித்துப் பெரிய தொலைநோக்கியின் தரவுகள் வந்தன. வீட்டு இணையத்தில் இறக்க ஒரு நாள் முழுக்க ஆனது. படமாக்கிப் பார்த்தபோது இரண்டு வேகங்களும் அழகாக, கூர்மையாகத் தெரிந்தன. நடுவில் பாலம் இல்லை.

முதலில் நான் பயப்படவில்லை. பல தட்டுகளை இணைத்த தொலைநோக்கிக்கு ஒரு குறை உண்டு. பரவலாகக் கிடக்கும் வாயுவை அது தவறவிட்டுவிடும். பாலம் பரவலான வாயுவாக இருக்கும், அதனால்தான் தெரியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு நாள் அந்தச் சமாதானம் தாங்கியது. மூன்றாம் நாள் காலை அப்பா நடைக்குப் போயிருந்தார். அம்மா கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் சமையலறை மேசையில் உட்கார்ந்து, என் பழைய தரவுகளை முதலிலிருந்து திறந்தேன்.

ரேடியோ தரவில் கருவியால் வரும் ஒரு மெல்லிய அலைவு எப்போதும் இருக்கும். அதற்குப் பொருத்தமாக ஒரு வளைகோட்டை வரைந்து, மொத்தத்திலிருந்து கழித்துவிடுவோம். எவ்வளவு வளையலாம் என்பது நம் கையில். நான் இரண்டாவது மேகத்துக்கு வரைந்த கோடு தேவைக்கு மேல் வளைந்திருந்தது. இரண்டு வேகங்களையும் காட்டும் இரண்டு முகடுகளுக்கும் நடுவே அது கீழே தொய்ந்திருந்தது. தொய்ந்த கோட்டைக் கழித்தால், அந்த இடத்தில் இல்லாத ஒரு சின்ன மேடு மிஞ்சும். அதுதான் என் பாலம். வளைவைக் குறைத்துத் திரும்பக் கழித்தேன். பாலம் போய்விட்டது. நாலைந்து விதமாகச் செய்து பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் போய்விட்டது.

அங்கே இருந்தவை இரண்டு மேகங்கள். ஒன்று பால்வீதியின் நடுவில் இருப்பது. இன்னொன்று நமக்கு வெகு பக்கத்தில், வழியில் எங்கோ இருப்பது. இங்கிருந்து பார்க்கும்போது ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தன, அவ்வளவுதான். ஒன்றுக்கொன்று எந்தச் சம்பந்தமும் கிடையாது.

குழுத் தலைவருக்குப் போன் செய்தேன். அவர் கன்னடக்காரர், என்னோடு தமிழில்தான் பேசுவார். முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"பேப்பர் இன்னும் அனுப்பல இல்ல?" என்றார்.

"அனுப்பல சார்."

"அப்போ ஒண்ணும் ஆகல. இதையே எழுதலாம். இப்படி ஒரு தப்பு நடக்கும்னு மத்தவங்களுக்கும் தெரியட்டும்."

"பேப்பர்ல வந்துருச்சு சார்" என்றேன்.

அவருக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. செய்தியைப் படம் எடுத்து அனுப்பினேன். தமிழ் படிக்கத் தெரியாததால் தலைப்பை என்னையே மொழிபெயர்க்கச் சொன்னார். சொன்னேன். நான் வாழ்க்கையில் செய்த மொழிபெயர்ப்புகளில் அதுதான் கடினமானது. அவர் திட்டவில்லை. "சரி பண்ணிடு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அப்பா நடை முடிந்து வந்ததும் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே கேட்டார்.

"அப்ப அங்க ஒண்ணும் இல்லியா?"

"இருக்குதுப்பா. ரெண்டு மேகம் இருக்குது. கருந்துளைதான் இல்ல."

"அதான், ஒண்ணும் இல்ல."

பள்ளிக்கும் அந்தப் பத்திரிகைக்காரருக்கும் போய்ச் சொல்லப் போகிறேன் என்றேன். அப்பாவுக்குக் கோபம் வந்தது. அவர் கோபப்படுவது அபூர்வம்.

"என்னாத்துக்கு சொல்லணும்? எவனாச்சும் அங்க போயி பாத்துட்டு வரப் போறானா? ஊருல யாருக்குத் தெரியப் போவுது?"

"ஊருல தெரியாதுப்பா. அடுத்த வருசம் வேற யாராச்சும் அதே எடத்தப் பாப்பாங்க. அவங்களுக்குத் தெரியும். அந்தப் புள்ளைங்கள்ல ஒண்ணு பின்னால இதே படிப்பு படிச்சா, அதுக்கும் தெரியும்."

"அது அப்ப பாத்துக்கலாம்."

அம்மா வந்து, "சாப்புட்டுட்டுச் சண்டை போடுங்க" என்றாள். சாப்பிட்டோம். சண்டையைத் தொடரவில்லை.

பத்திரிகைக்காரரைப் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் பிடித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"மேடம், நாங்க தப்பா எழுதலீங்களே. நீங்க சொன்னதுதானே வந்துச்சு?"

"கிட்டத்தட்டன்னு சொன்னேன்."

"கிட்டத்தட்டன்னு தலைப்புப் போட முடியுங்களா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கருந்துளை இல்லை என்று ஒரு செய்தி போட முடியுமா என்று கேட்டேன். இல்லாததை எப்படிச் செய்தியாக்குவது என்று அவர் உண்மையாகவே யோசித்தார். அனுப்பிப் பார்க்கிறேன் என்றார். அது வரவில்லை.

அந்த வாரம் அப்பாவைப் பரிசோதனைக்குச் சேலம் அழைத்துப் போனேன். வாடகைக் காருக்கு அவர் சம்மதிக்கவில்லை. பேருந்தில் ஓட்டுநருக்குப் பின்னால், ஜன்னலோர இருக்கையில்தான் உட்காருவார். தொப்பூர் இறக்கத்தில் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருந்தன. எங்கள் பேருந்தும் சின்ன கியரில் முனகிக்கொண்டு இறங்கியது. ஒரு வளைவு தாண்டியதும் அப்பா வெளியே கையைக் காட்டினார்.

"அங்கதான்."

அது அவருடைய பேருந்து நின்ற இடம் என்று எனக்குத் தெரியும். இந்த வழியாகப் போகும்போதெல்லாம் காட்டுவார். இந்தத் தடவை மேலும் பேசினார்.

"நான் திருப்பலம்மா."

எனக்கு விளங்கவில்லை. அவரைப் பார்த்தேன். அவர் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிரேக்கு போனதும் கையி ஓடல. ஸ்டீயரிங்கை இறுக்கிப் புடிச்சிட்டு, அப்பிடியே உக்காந்துட்டேன். ரோட்டு வேலைக்கு ஜல்லி கொட்டி வச்சிருந்தான். முன் சக்கரம் அதுல ஏறி, வண்டி தானா மண்ணுப் பக்கம் திரும்பிடுச்சு. அந்த ஜல்லி இல்லீன்னா எல்லாரும் போயிருப்போம். கண்டக்டருக்குத் தெரியும். அவன் செத்து நாளாச்சு."

"யாருகிட்டயும் சொன்னதில்லியா? அம்மாகிட்ட?"

"பேப்பர்ல போட்டுட்டான். மொதலாளி மாலை போட்டாரு. அப்புறம் எங்கருந்து சொல்றது?"

எத்தனை முறை அந்தச் செய்தியை வாய்விட்டுப் படித்திருப்பேன். பள்ளியில் அப்பாவைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னபோது, அதையே எழுதிப் பரிசு வாங்கியிருக்கிறேன். பயந்துபோன ஒரு மனிதர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். அப்போது அவர் வயது இப்போதைய என் வயதைவிடக் குறைவு.

"மறுநாளே வண்டி எடுத்தியேப்பா" என்றேன். அது உண்மை. அம்மா பலமுறை சொல்லியிருக்கிறாள்.

"எடுக்காம? சோத்துக்கு?" என்றார். பிறகு, "இந்த எறக்கத்துல ஒவ்வொரு தடவையும் பிரேக்க மிதிச்சு மிதிச்சுப் பாப்பேன். ரிட்டையர் ஆவுற வரைக்கும்" என்றார்.

பேருந்து சமவெளிக்கு வந்து வேகமெடுத்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். சேலத்தில் மருத்துவர் நாடியைப் பாதத்தில் தொட்டுப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றார்.

திரும்பிய பிறகு நான் பள்ளிக்குப் போவதைப் பற்றி அப்பா எதுவும் சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை.

தலைமையாசிரியர் பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் நேரத்தில் இருபது நிமிடம் கொடுத்தார். பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். வளைகோட்டைக் கரும்பலகையில் வரைந்தேன். எங்கே தொய்ந்தது, எப்படி மேடு வந்தது என்று காட்டினேன். கருந்துளை இல்லை, நான் செய்த தவறால்தான் இருப்பதுபோல் தெரிந்தது என்றேன். கண்டுபிடித்துவிட்டதாகப் பத்திரிகைக்காரரை நினைக்க வைத்ததும் நான்தான் என்றேன். சிலருக்கு ஏமாற்றம், முகத்திலேயே தெரிந்தது. கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள்.

"மிஸ், உங்களுக்குத் திட்டு விழுந்துச்சா?"

"இல்ல."

"எங்களுக்கு விழும் மிஸ்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். இயற்பியல் ஆசிரியையும் சிரித்துவிட்டார்.

இன்னொரு பெண் கேட்டது வேறு. "மிஸ், லிஸ்ட்ல அஞ்சு இருக்குதுன்னீங்களே. மீதி நாலுலயும் நீங்க இதே கோடுதானே போட்டிருப்பீங்க?"

ஆமாம். அதே கோடுதான். அதை நான் அதுவரை யோசிக்காமல் இல்லை. ஆனால் யோசிப்பதைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். நான்கையும் திரும்பச் செய்ய வேண்டும் என்றேன். எப்போது செய்வீர்கள் என்று கேட்டாள். நாளைக்கே என்று சொல்லிவிட்டேன். அதனால் மறுநாளே தொடங்க வேண்டியதாயிற்று.

வெளியே வரும்போது தலைமையாசிரியர் தயங்கித் தயங்கிக் கேட்டார். முன்னாள் மாணவிகள் பலகையில் என் பெயருக்குக் கீழே கருந்துளையைக் கண்டுபிடித்தவர் என்று பெயிண்டரை வைத்து எழுதிவிட்டார்களாம்.

"அழிச்சிடலாங்களா?"

"ரேடியோ வானியல் ஆராய்ச்சியாளர்னு மாத்திடுங்க" என்றேன்.

"அவ்ளோ எடம் இருக்குமான்னு பாக்கணும்" என்றார்.

நான்கு மேகங்களையும் திரும்பச் செய்தேன். இரண்டில் பாலம் காணாமல் போனது. ஒன்றில் எதுவும் தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை. ஐந்தாவது மேகத்தில் கோட்டை எப்படி மாற்றினாலும் பாலம் நின்றது. அப்பாவின் நடை தடையில்லாமல் தொடர்வதைப் பார்த்துவிட்டு நான் பெங்களூர் திரும்பினேன். இரண்டாவது மேகத்தைப் பற்றி நாங்கள் எழுதிய கட்டுரை சிறியது. கருந்துளை தேவையில்லை, கோடு வரைவதில் கவனம் தேவை என்பதுதான் அதன் சாரம். வெளியாகிவிட்டது. அதிகம் பேர் படிக்கவில்லை. படித்தவர்களில் ஒருவர், தானும் அதே தவறைச் செய்திருப்பதாக எழுதியிருந்தார்.

ஐந்தாவது மேகத்தையும் பெரிய தொலைநோக்கியில் பார்த்தாயிற்று. அங்கே வாயு ஒரு புள்ளியை நெருங்க நெருங்க வேகமெடுக்கிறது. நடுவில் எங்கும் இடைவெளி இல்லை. அந்தப் புள்ளியில் நட்சத்திரம் இல்லை, எக்ஸ் கதிர் இல்லை. வேகத்தை வைத்துக் கணக்கிட்டால், ஆயிரக்கணக்கான சூரியன்களின் எடை ஒரு சின்ன இடத்துக்குள் அடைபட்டிருக்க வேண்டும். இருக்கலாம் என்று எழுதியிருக்கிறோம். கட்டுரையைச் சரிபார்ப்பவர்கள் பன்னிரண்டு கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். மேகம் சும்மா விரிந்துகொண்டிருந்தாலும் இப்படித்தானே தெரியும் என்பது ஏழாவது கேள்வி. நல்ல கேள்வி. இந்த வாரம் அதற்குத்தான் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.